சஞ்சீவ் குமாரின் பல்திறன் ஒட்டுத்தாடியில் இருந்ததா?

கேள்வி: ஒரு வாசகர், 2025 ஜூலை 8

இந்தி சினிமாவில் எந்த வேடத்தையும் ஏற்கக்கூடியவர் என்று பேச்சு வந்தால் எல்லோரும் சஞ்சீவ் குமார் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவர் ஒன்பது வேடங்களில் வரும் படத்தை அண்மையில் பார்த்தேன். ஒட்டுத்தாடியும் சவுரிமுடியும் தெரிந்த அளவுக்கு நடிப்புத் தெரியவில்லை. நம் சிவாஜி 'நவராத்திரி'யில் செய்ததில் பாதிகூட இல்லை. வயதுக்கு மீறிய கிழவர் வேடங்களில் மாட்டிக்கொண்ட ஒரு குணச்சித்திர நடிகரை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறோம்?

2025 ஜூலை 9, இரவு

இன்று அவருடைய பிறந்த நாள். 1938 ஜூலை 9 அன்று சூரத்தில் பிறந்த ஹரிஹர் ஜரிவாலாதான் பின்னாளில் சஞ்சீவ் குமார் ஆனார். கேள்வி பொருத்தமான நாளில் வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேட்டவர் பார்த்த படம் 1974இல் வந்த 'நயா தின் நயி ராத்'. அதைப் பற்றி அவர் சொன்னதில் பெரும்பகுதியை நான் மறுக்கப் போவதில்லை. ஏ.பி. நாகராஜன் 1964இல் எடுத்த 'நவராத்திரி'யை, 'பாசமலர்' தந்த ஏ. பீம்சிங் இந்தியில் இயக்கினார். சாவித்திரி செய்ததை ஜெயா பாதுரி செய்தார். ஒன்பது உணர்ச்சிகளுக்கு ஒன்பது ஆட்கள் என்ற அந்தக் கட்டுமானமே சிவாஜியின் உடலுக்கும் குரலுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒவ்வோர் உணர்ச்சியையும் அதன் எல்லை வரை கொண்டுபோய் நிறுத்தக்கூடிய, நாடக மேடையில் அதற்காகவே பழகிய ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கதை அது. தெருக்கூத்துப் பகுதியில் சிவாஜியும் சாவித்திரியும் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சஞ்சீவ் குமாரின் பலம் இதற்கு நேர்மாறான திசையில் இருந்தது. எல்லைக்கு நான்கு அடி முன்னாலேயே நின்றுவிடுகிறவர் அவர். அப்படிப்பட்டவரின் முகத்தில் பசையும் தாடியும் ஒட்டிவிட்டு ஒன்பது பேராக ஓடு என்றால் ஓடத்தான் செய்வார், ஆனால் அது அவருடைய ஓட்டமாக இருக்காது.

எனவே என் கட்சி இதுதான். ஒருவர் எத்தனை விதமாக வேடம் மாறினார் என்பதைக் கொண்டு அவருடைய பல்திறனை அளந்தால் சஞ்சீவ் குமார் தோற்றுவிடுவார். வேடமே மாறாமல், அதே முகத்தோடும் ஏறக்குறைய அதே சட்டையோடும் எத்தனை பேராக இருக்க முடிந்தது என்று பார்த்தால், இந்தி சினிமாவில் அவருக்கு இணையாகச் சொல்லச் சிலரே கிடைப்பார்கள். ஒன்பது வேடப் படத்தைப் பார்த்தவர் தயவுசெய்து 1982இல் வந்த 'அங்கூர்' படத்தைப் பார்க்க வேண்டும். அதில் அவருக்கு இரண்டே வேடங்கள், ஒப்பனையில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் கிடையாது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

2025 ஜூலை 10, காலை

இரவுக்குள் நிறைய மறுமொழிகள் வந்திருக்கின்றன. சஞ்சீவ் குமார் நடித்த 'கிலோனா' சிவாஜி படத்தின் மறு ஆக்கம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியன்று. 1963இல் நாகேஸ்வர ராவ் நடித்துத் தெலுங்கில் வந்த 'புனர்ஜன்மா'தான் மூலம். அதிலிருந்து 1970இல் தமிழில் சிவாஜியும் ஜெயலலிதாவும் நடித்த 'எங்கிருந்தோ வந்தாள்' பிறந்தது. அதே ஆண்டில் எல்.வி. பிரசாத் இந்தியில் 'கிலோனா'வைத் தயாரித்தார். இரண்டும் அண்ணன் தம்பி முறை, தகப்பன் பிள்ளை முறை அன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கன்னடத்தில் ராஜ்குமார் நடித்த 'கஸ்தூரி நிவாசா' 1974இல் 'ஷாந்தார்' என்ற பெயரில் சஞ்சீவ் குமாருக்குப் போய்ச் சேர்ந்தது. அதே கதை 'அவன்தான் மனிதன்' ஆகச் சிவாஜிக்கு வந்தது 1975இல்தான். ஆக, அந்த ஒரு கதையில் சஞ்சீவ் முந்திக்கொண்டார். 'ஞான ஒளி' 1978இல் 'தேவதா' ஆனபோது வழக்கம்போலச் சிவாஜிக்குப் பின்னால் வந்தார். 'பாரத விலாஸ்' படத்தின் 'இந்திய நாடு என் வீடு' பாடலில் நாகேஸ்வர ராவ், மலையாள நடிகர் மது ஆகியோருடன் சஞ்சீவ் குமாரும் சற்று நேரம் தலைகாட்டுவதை நம்மவர்கள் பலர் கவனித்திருப்பார்கள். சென்னையும் அவரும் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தே இருந்தார்கள்.

2025 ஜூலை 10, இரவு

எனக்கு இவர் எப்படி அறிமுகமானார் என்று கேட்டிருக்கிறார்கள். தூர்தர்ஷன் மட்டுமே இருந்த எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இந்திப் படம் போடுவார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம், வேறு என்ன செய்வது? கதையில் பாதியை யூகித்துக்கொள்வோம், மீதியை என் அத்தை சொந்தமாக உருவாக்கிச் சொல்வார். அவர் சொன்ன கதை பல நேரங்களில் இயக்குநர் எடுத்ததைவிட நன்றாக இருந்தது. அப்படி ஒரு மாலையில் அத்தைக்கு வேலையே இல்லாமல் போன படம் 'கோஷிஷ்'.

1972இல் குல்சார் இயக்கிய அந்தப் படத்தில் கணவனும் மனைவியும் காது கேளாத, வாய் பேசாத இணையர். சஞ்சீவ் குமாரும் ஜெயா பாதுரியும் நடித்தார்கள். அதில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். குழந்தை பிறந்திருக்கிறது. தங்களைப் போலவே அதற்கும் காது கேட்காமல் போய்விடுமோ என்ற அச்சம் இருவரையும் அரிக்கிறது. ஒரு கிலுகிலுப்பையை எடுத்துக் குழந்தையின் காதருகே ஆட்டுகிறார்கள். குழந்தை திரும்பவில்லை. மீண்டும் ஆட்டுகிறார்கள், அப்போதும் அசைவில்லை. பதறிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறார்கள். அங்கே போன பிறகுதான் தெரிகிறது, பழுது குழந்தையின் காதில் இல்லை, அந்தக் கிலுகிலுப்பையில் சத்தமே வரவில்லை. அதை ஆட்டியவர்களுக்கு அது கேட்டிருக்க வழியில்லையே!

இந்தக் காட்சியை நாடகப் பாணியில் நடித்துக் கண்ணீரை வாளியில் பிடிக்கலாம். சஞ்சீவ் குமார் அப்படிச் செய்யவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டும்போது அவருடைய பார்வை பொம்மையில் இல்லாமல் குழந்தையின் கண்ணிமையில் இருக்கிறது. ஒலி என்றால் என்னவென்றே அறியாத ஒருவன், அது அடுத்தவர் முகத்தில் என்ன செய்யும் என்பதை மட்டும் கண்டு பழகியிருப்பான் அல்லவா? அந்தப் பழக்கத்தை அவர் கண்ணில் கொண்டு வந்துவிடுகிறார். வாய் பேசாதவராக நடிக்கும் பலர் பேச முயன்று தவிப்பதையே நடித்துக் காட்டுவார்கள். இவர் பேசாமலேயே வாழ்ந்து முடித்துவிடத் தீர்மானித்த மனிதனை நடித்தார், கோபம் வந்தால்கூட அந்தக் கோபம் விரல்களுக்குத்தான் முதலில் போகிறது.

இதற்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அது இரண்டாவது. முதலாவது, உருது எழுத்தாளர் ராஜிந்தர் சிங் பேதி இயக்கிய 'தஸ்தக்' (1970) படத்துக்கு. முன்பு ஒரு பாடகி குடியிருந்த வீடு என்பது தெரியாமல் அதில் குடியேறிவிட்ட புதுமணத் தம்பதியின் கதை அது. பழைய முகவரியைத் தேடி வரும் ஆண்கள் நேரம் காலம் இல்லாமல் கதவைத் தட்டுகிறார்கள். ரெஹானா சுல்தானுக்கும், இசையமைத்த மதன் மோகனுக்கும்கூட அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது.

'கோஷிஷ்' தமிழிலும் வந்தது. 1977இல் கமல்ஹாசனும் சுஜாதாவும் நடித்த 'உயர்ந்தவர்கள்' அதுதான். இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போட விரும்புகிறவர்கள் தனியாகப் போட்டுக்கொள்ளலாம், இங்கே வேண்டாம்.

2025 ஜூலை 11

நேற்று எழுதியதைப் படித்த ஒரு நண்பர், ஜெயா பாதுரிக்கும் இவருக்கும் திரையில் என்னதான் உறவு என்று கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். 'பரிச்சய்' படத்தில் ஜெயாவின் தகப்பன். அதே 1972இல் 'கோஷிஷ்' படத்தில் கணவன். 1973இல் 'அனாமிகா'வில் காதலன். 1975இல் 'ஷோலே'யில் மாமனார். நம் ஊர்த் திருமணப் பத்திரிகையில் இந்த உறவுமுறையை அச்சிடச் சொன்னால் அச்சகத்தார் ஊரை விட்டே ஓடிவிடுவார்.

விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்த நான்கும் நான்கு ஆண்டுகளுக்குள் நடந்தவை. பார்த்தவர்களில் ஒருவரும் முகம் சுளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

2025 ஜூலை 13, பகல்

இப்போது கிழவர் வேடங்களுக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் "மாட்டிக்கொண்டவர்" என்று எழுதியிருந்தார். அது அவ்வளவு எளிய செய்தியாக எனக்குப் படவில்லை.

அவர் சினிமாவுக்கு வந்ததே நாடகத்திலிருந்துதான். பம்பாயில் இப்டா நாடகக் குழுவில் இருந்தபோது, ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' நாடகத்தில் முதியவர் வேடம் போட்டபோது அவருக்கு வயது 22. அதன் பிறகு ஏ.கே. ஹங்கல் இயக்கிய 'டம்ரூ' நாடகத்தில், ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பனான 60 வயதுக்காரராக நடித்தார். அந்த ஹங்கல்தான் பின்னாளில் 'ஷோலே'யில் கண்பார்வையற்ற இமாமாக வந்து, சஞ்சீவ் குமார் செய்த தாக்கூரின் ஊரில் தன் மகனைப் பறிகொடுக்கிறார். இளைஞனுக்கு வாய்ப்பில்லாமல் கிழவன் வேடத்தில் தள்ளப்பட்டவர் என்று இவரைச் சொல்ல முடியாது. அவர் அந்த வழியாகத்தான் உள்ளேயே வந்தார்.

1960இல் 'ஹம் ஹிந்துஸ்தானி'யில் சிறு வேடம், 1965இல் 'நிஷான்' படத்தில் நாயகன், அதன் பிறகு வாள் சுழற்றும் படங்கள் சில. 1968இல் 'சங்கர்ஷ்' படத்தில் திலீப் குமாருக்கு எதிரில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் காட்சியில்தான் பலர் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார்கள். அதே ஆண்டு 'ஷிகார்' படத்துக்காகத் துணை நடிகருக்கான பிலிம்பேர் விருதும் கிடைத்தது. நாயகனாக அவர் எடுபடவில்லை என்று சொல்லவும் முடியாது. 'சீதா அவுர் கீதா'வில் இளம் மருத்துவராக ஹேமமாலினிக்கு இணையாக வந்தது 1972இல். அதே ஆண்டில்தான் 'பரிச்சய்' படத்தில் ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டுச் சாகும் பாடகர். அதில் அவருக்குத் தகப்பனாக நடித்தவர் பிராண்.

1978ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'திரிசூல்' படத்தில் அமிதாப் பச்சனுக்கும் சசி கபூருக்கும் தகப்பன். அமிதாப் இவரைவிட நான்கே வயது இளையவர். சசி கபூர் பிறந்தது 1938 மார்ச்சில், எனவே மகன் தகப்பனைவிடச் சில மாதங்கள் மூத்தவர். அந்தப் படத்தில் அவர் செய்த ஆர்.கே. குப்தா கட்டட ஒப்பந்தங்களின் சக்கரவர்த்தி, வசதிக்காகக் காதலியைக் கைவிட்டவர். நரைத்த தலையும் கண்ணாடியும் இருக்கின்றன, ஆனால் முதுமை அங்கிருந்து வரவில்லை. உத்தரவிட்டுப் பழகிய ஒருவர், அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பதற்கே சிரமப்படும் அந்த விதத்தில் வருகிறது.

அதே ஆண்டு 'பதி பத்னி அவுர் வோ' படத்தில், மனைவிக்குத் தீராத நோய் என்று அலுவலகத்துப் பெண்ணிடம் பொய் சொல்லி அனுதாபம் சம்பாதிக்கும் நடுத்தர வர்க்கக் கணவன். குளியலறையில் பிள்ளையோடு சேர்ந்து பாட்டுப் பாடுகிறார், மனைவி எதிரில் வந்தால் பூனையாகிறார். மறுபக்கம் 'தேவதா'வில், தமிழில் சிவாஜி செய்த முரட்டுக் குற்றவாளி. இந்த மூன்றையும் ஒரே ஆண்டில் ஒருவர் செய்திருக்கிறார், ஒன்றின் சாயல் மற்றொன்றில் இல்லை.

2025 ஜூலை 13, இரவு

'ஷோலே' பற்றி இரண்டு வரியோடு நகர்ந்துவிட்டேன் என்று கோபப்பட்டிருக்கிறார்கள். சரி, எழுதுகிறேன்.

படம் 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. அப்போது சஞ்சீவ் குமாருக்கு 37 வயது. ஹோலி அன்று கொள்ளைக்காரன் கப்பர் சிங்கின் ஆட்கள் ஊருக்குள் புகுந்துவிடுகிறார்கள். அவனைப் பிடிக்கத் தாக்கூர் அமர்த்திய ஜெய்யும் வீருவும் சிக்கிக்கொள்கிறார்கள். தாக்கூரின் காலடியிலேயே துப்பாக்கி கிடக்கிறது. குனிந்து எடுத்து எறிந்தால் போதும். அவர் எடுக்கவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு அப்படியே நிற்கிறார். எப்படியோ தப்பித்த பிறகு வீரு கொதித்துப்போய், கோழைக்காக உயிரைக் கொடுக்க முடியாது என்ற தோரணையில் பேசுகிறான். அதன் பிறகுதான் பழைய கதை விரிகிறது. அது முடிந்து நிகழ்காலத்துக்கு வரும்போது காற்றில் சால்வை விலகி விழுகிறது, உள்ளே கைகள் இல்லை.

முதல் முறை பார்க்கிறவர்களுக்கு இது அதிர்ச்சி. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் நடிப்பு தெரிகிறது. துப்பாக்கி காலடியில் கிடக்கும் அந்த நேரத்தில் தாக்கூரின் முகத்தை மட்டும் பாருங்கள். தயக்கம் என்று நினைத்துப் பார்த்தால் தயக்கமாகத் தெரியும். உண்மை தெரிந்த பிறகு பார்த்தால் அவமானமாகவும் இயலாமையாகவும் தெரியும். ஒரே முகபாவம் இரண்டு கதைகளுக்கும் பொருந்த வேண்டும், ஒன்றுக்கு அதிகமாகச் சாய்ந்தால் மற்றொன்று பொய்த்துவிடும். அதற்கு முந்தைய காட்சிகளிலும் கையால் ஆக வேண்டியவற்றை எல்லாம் வேலையாள் ராம்லால் கவனித்துக்கொள்கிறார், தாக்கூரோ அது பெரிய வீட்டு வழக்கம் என்று நாம் நினைத்துக்கொள்ளும்படி நிமிர்ந்து நிற்கிறார். நடிகனுக்குக் கை இரண்டும் இல்லை என்றால் பாதிச் சொத்து போன மாதிரி. கழுத்தையும் தாடையையும் வைத்துக்கொண்டே மூன்று மணி நேரப் படத்தின் சினம் முழுவதையும் அவர் தாங்குகிறார்.

முடிவு பற்றியும் கேட்டிருந்தார்கள். முதலில் எடுத்தபடி, ஆணி பதித்த செருப்பால் மிதித்துக் கப்பரைத் தாக்கூரே கொன்றுவிடுகிறார். அவசரநிலைக் காலத்தில் தணிக்கையினர் அதை ஏற்காததால், கடைசி நேரத்தில் காவல் துறையினர் வந்து தடுப்பதாக மாற்றினார்கள். சென்ற மாதம் இத்தாலியின் பொலோன்யா நகரில், புதுப்பிக்கப்பட்ட படியைப் பழைய முடிவோடு திரையிட்டிருக்கிறார்கள். பழைய முடிவில் கொலை செய்து முடித்த பிறகு தாக்கூர் உடைந்து அழுகிறார். என் கருத்தில் அதுவே சஞ்சீவ் குமாருக்கு உரிய முடிவு. அத்தனை நேரம் இறுக்கிக் கட்டி வைத்தது எங்காவது அவிழ வேண்டும் அல்லவா? வெளியான படத்தில் அவிழ இடமே கிடைக்கவில்லை.

2025 ஜூலை 14

ஒரு வரித் திருத்தம், வேறொருவர் பதிவுக்கு. 'ஆந்தி'யும் 'மௌசம்' படமும் ஒன்றன் தொடர்ச்சி மற்றொன்று என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டும் 1975, இரண்டும் குல்சார், இரண்டிலும் சஞ்சீவ் குமார் இளமையிலும் நடுவயதிலும் வருகிறார். தொடர்பு அவ்வளவுதான்.

2025 ஜூலை 16

இப்போது எதிர்க்கட்சிக்காகவும் கொஞ்சம் பேசுகிறேன், இல்லாவிட்டால் இது ரசிகர் மன்றக் கூட்டம் ஆகிவிடும்.

மூன்று நாள் முன்பு 1978ஐப் பெருமையாக எழுதினேன். ஆனால் அதற்கடுத்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மனம் அவ்வளவு மகிழ்வதில்லை. 'ஜானி துஷ்மன்' முதல் 'ஹீரோ' (1983) வரை எத்தனையோ படங்களில் அவர் கௌரவமான பெரியவர். காவல் துறை உயரதிகாரி, ஜமீன்தார், நாயகியின் தகப்பன் என்று பெயர்ப்பலகை மாறுகிறது, உடல் மாறவில்லை. கனத்த உடல், கனத்த குரல், ஒரு நீண்ட பெருமூச்சு, அதன் பிறகு வசனம். கூலிக்கு மாரடித்த படங்கள் என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம், ஆனால் அவற்றில் சிலவற்றை வேறு எப்படிச் சொல்வது?

உடல்நிலை ஒரு காரணம். 1976இல் முதல் மாரடைப்பு வந்தது, அமெரிக்காவில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். குடும்பத்து ஆண்கள் ஐம்பது வயதைத் தாண்டுவதில்லை என்ற எண்ணம் அவரை விடாமல் துரத்தியதாகச் சொல்லப்படுவதுண்டு. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1985 நவம்பர் 6 அன்று பம்பாயில் காலமானபோது வயது 47. திரையில் அத்தனை முறை முதுமையைக் கண்டவருக்கு வாழ்க்கையில் அது வாய்க்கவே இல்லை என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள், நானும் எழுத வேண்டாம் என்று பார்த்தேன், கை கேட்கவில்லை.

ஆனால் உடல்நிலையை மட்டும் காரணம் காட்டினால் முழு உண்மை ஆகாது. எழுபதுகளின் பிற்பகுதியில் இந்தி சினிமா கோபக்கார இளைஞனைச் சுற்றிக் கட்டப்பட்டது. அந்தக் கோபத்துக்கு எதிரில் நிறுத்த, இடித்தாலும் அசையாத ஒரு சுவர் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு இவரைவிட நம்பகமான ஆள் இல்லை. ஒரு வேலையை நன்றாகச் செய்கிறவருக்கு அதே வேலையைத்தான் திரும்பத் திரும்பத் தருவார்கள், இது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். எனவே கேள்வி கேட்டவரின் "மாட்டிக்கொண்டவர்" என்ற சொல்லை 1979க்குப் பிறகான காலத்துக்கு நான் ஏற்கிறேன். அதற்கு முன்னால் ஏற்க முடியாது.

2025 ஜூலை 19

சத்யஜித் ராயை விட்டுவிட்டீர்களே என்றார்கள். விடவில்லை, தள்ளி வைத்திருந்தேன்.

1977இல் வந்த 'சத்ரஞ்ச் கே கிலாடி', பிரேம்சந்தின் சிறுகதையை ஒட்டியது. 1856இல் ஆங்கிலேயர் அவத் நாட்டை விழுங்கிக்கொண்டிருக்கும்போது, லக்னோவில் இரண்டு செல்வந்தர்கள் சதுரங்கத்தில் மூழ்கிக் கிடக்கிறார்கள். மிர்சா சஜ்ஜாத் அலியாகச் சஞ்சீவ் குமார், மீர் ரோஷன் அலியாகச் சயீத் ஜாஃப்ரி. நவாப் வாஜித் அலி ஷாவாக, 'ஷோலே'யில் கப்பராக வந்த அம்ஜத் கான். தாக்கூரும் கப்பரும் மறுபடி ஒரே படத்தில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

வெறுத்துப்போன மனைவி காய்களை ஒளித்து வைத்துவிட, இருவரும் தக்காளி, எலுமிச்சை, கொட்டைகள் என்று கையில் கிடைத்தவற்றை எல்லாம் காய்களாக்கிக்கொண்டு ஆடும் காட்சி ஒன்று உண்டு. சயீத் ஜாஃப்ரி அதைச் சிரித்த முகத்தோடு செய்கிறார், பார்க்கிற நமக்கும் சிரிப்பு வருகிறது. சஞ்சீவ் குமாரோ அந்தத் தக்காளியை உண்மையான காயைப் போலவே, அதே மரியாதையோடு பிடித்து நகர்த்துகிறார். அவருக்கு இதில் நகைச்சுவை எதுவும் இல்லை. நாடு போவதை ஒரு மனிதன் எப்படிக் கவனிக்காமல் இருந்தான் என்ற கேள்விக்கு அந்தக் கை விரல்களில் விடை இருக்கிறது. அதற்கு முன் மனைவியாக வரும் சபானா ஆஸ்மி அவரைப் படுக்கைக்கு இழுக்கும்போதும், உடல் அங்கே இருக்கிறது, மனம் பலகையிலேயே கிடக்கிறது. தலைவலி பற்றிய மனைவியின் பேச்சுக்கு அவர் தலையாட்டும் வேகத்தைப் பார்த்தாலே போதும், அடுத்த காய் நகர்த்தலை யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர், லக்னோ மேட்டுக்குடியின் உருதுவைப் பேசுகிறார் என்பது வேறு. அந்த உச்சரிப்பின் நுணுக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, உருது அறிந்தவர்கள் இங்கே இருந்தால் எழுதலாம்.

2025 ஜூலை 20

'ஆந்தி' பற்றிச் சிறிய குறிப்பு. சுசித்ரா சென்னின் தோற்றத்தில் இந்திரா காந்தியின் சாயல் இருந்ததால் அவசரநிலையின்போது படம் தடைக்கு உள்ளாயிற்று, 1977இல்தான் தடை நீங்கியது என்பதை எல்லோரும் பேசுகிறார்கள். அந்தச் சந்தடியில் சஞ்சீவ் குமாரின் ஜே.கே. மறைந்துவிடுகிறார். பிரிந்துபோன மனைவி பெரிய அரசியல் தலைவராகி, அவர் மேலாளராக இருக்கும் விடுதிக்கே விருந்தினராக வந்து தங்குகிறாள். கணவன் என்ற உரிமையும் விடுதி மேலாளர் என்ற பணிவும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும், அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. பிலிம்பேர் சிறந்த நடிகர் விருதை இந்தப் படத்துக்கும், அடுத்த ஆண்டு 'அர்ஜுன் பண்டித்' படத்துக்கும் பெற்றார். இரண்டாவதைவிட முதலாவதற்கு இரண்டு விருது கொடுத்திருக்கலாம்.

2025 ஜூலை 27

சொன்னபடி இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன், முதலில் 'நயா தின் நயி ராத்', பிறகு 'அங்கூர்'.

ஒன்பது வேடப் படத்தைப் பற்றி 9ஆம் தேதி எழுதியதில் ஒரு சேர்க்கை. எல்லா வேடங்களும் ஒரே அளவில் தோற்கவில்லை. மனைவியை இழந்த தனிமையான செல்வராக வரும் பகுதியில் அவருக்கு ஒப்பனை குறைவு, கத்த வேண்டிய தேவையும் இல்லை. அங்கே அவர் மூச்சு விடுகிறார். தொழுநோயாளி வேடத்தில் ஒப்பனை முகத்தை முழுவதுமாக மூடிவிடுகிறது, குரல் மட்டுமே மிஞ்சுகிறது, அந்தக் குரலை மட்டும் கேட்டாலும் கொஞ்சம் தேறும். மற்றவற்றில் சிவாஜியின் நிழல் குறுக்கே நிற்கிறது. நமக்குத்தான் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'நவராத்திரி'யைப் பார்க்காத வடநாட்டு ரசிகருக்கு அந்தத் தொல்லை இருந்திருக்காது.

'அங்கூர்' ஷேக்ஸ்பியரின் 'காமெடி ஆஃப் எரர்ஸ்' நாடகத்தை ஒட்டிக் குல்சார் எடுத்தது. அதே கதையை 1968இல் 'தோ தூனி சார்' என்ற பெயரில் கிஷோர் குமாருக்காக அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். இரண்டு அசோக்குகள், இருவருக்கும் வேலையாளாக இரண்டு பகதூர்கள். உள்ளூர் அசோக் திருமணமானவன். மனைவி கேட்ட நகையால் எரிச்சலில் இருப்பவன், தன் ஊரில் நடப்பவன். வெளியூர் அசோக் திருமணம் ஆகாதவன். துப்பறியும் நாவல்களைப் படித்துப் படித்து, டாக்சி ஓட்டுநர் முதல் விடுதிக்காரர் வரை எல்லோரும் ஒரு கொள்ளைக் கும்பல் என்று முடிவு செய்துவிட்டவன்.

இரண்டு பேரும் ஒரே முகம், ஒரே குரல், ஒரே வயது. வந்து நின்ற உடனேயே எந்த அசோக் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உள்ளூர்க்காரன் அறைக்குள் நுழையும்போது எதையும் பார்ப்பதில்லை, அவனுக்கு எல்லாம் தெரிந்த இடம். வெளியூர்க்காரன் முதலில் வாசலைப் பார்க்கிறான், அதாவது ஓட வேண்டி வந்தால் எந்த வழியாக ஓடுவது என்று. உள்ளூர்க்காரனின் கோபம் நெஞ்சை முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. வெளியூர்க்காரன் பேசும்போது தோள் சற்றுப் பின்வாங்கியே இருக்கிறது. முன்பின் தெரியாத மௌஷுமி சாட்டர்ஜி "நீ என் கணவன்" என்று சட்டையைப் பிடிக்கும்போது அவன் முகத்தில் தெரிவது குழப்பம்கூட இல்லை, கும்பலின் தந்திரம் இவ்வளவு தூரம் போகுமா என்ற வியப்பு. இவை எல்லாம் வசனத்தில் இல்லை, ஒட்டுத்தாடியிலும் இல்லை.

2025 ஆகஸ்ட் 2

கேள்வி கேட்டவர் 'அங்கூர்' பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நன்றாகச் சிரித்தாராம், ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்தியவர் இரண்டு பகதூர்களாகவும் வரும் தேவன் வர்மாதான், சஞ்சீவ் குமார் சும்மா நிற்கிறார் என்கிறார்.

நகைச்சுவை நடிகருக்கான பிலிம்பேர் விருது அந்தப் படத்துக்காகத் தேவன் வர்மாவுக்குத்தான் கிடைத்தது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் "சும்மா நிற்கிறார்" என்பதை மட்டும் இன்னொரு முறை யோசிக்கச் சொல்கிறேன். பகதூர் உளறும் ஒவ்வொரு காட்சியிலும் எதிரில் நிற்கும் அசோக் அந்த உளறலை உயிர் போகிற விவகாரமாக எடுத்துக்கொள்கிறான். அவன் ஒரு கணம் சிரித்திருந்தாலும், இது விளையாட்டு என்று நமக்குக் கண்ணடித்திருந்தாலும், தேவன் வர்மாவின் பாதி வசனங்கள் தரையில் விழுந்திருக்கும். அடுத்ததாக அதே 1982இல் வந்த 'நம்கீன்' பாருங்கள். மூன்று சகோதரிகள் வசிக்கும் மலையூர் வீட்டில் வாடகைக்கு வந்து தங்கும் லாரி ஓட்டுநராக வருகிறார். அங்கே அவர் இன்னும் அதிகமாகச் சும்மா நிற்கிறார், எனவே உங்கள் கோபத்தையும் அப்போதே சேர்த்து எழுதிவிடலாம்.